பழைய ஜீப் பிக்கப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸில் கை வைப்பது கடைசியில்

ஸ்டியரிங் வீலின் சுற்றலை முன் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றுகிற பெட்டிதான் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு லாக் நட்டு. வண்டி ரோட்டில் அலைகிறது என்று சொன்னவுடன் எல்லாருடைய கையும் நேரே அங்கேதான் போகிறது. எட்டுகிற இடம், ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும், கால் சுற்று முறுக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரியும் இருக்கும். கொஞ்ச நாளில் பழைய ஆட்டம் திரும்பும். மறுபடி கால் சுற்று. இப்படி மூன்று நான்கு முறை ஆனபின், அதுவரை நன்றாக இருந்த பாக்ஸும் உண்மையிலேயே போய்விடும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

இங்கே பேசுவது அமெரிக்க வில்லிஸ் கம்பெனி ஜீப்பின் வழி வந்த மகிந்திரா ஜீப்பின் சேஸியில் (அடிச்சட்டத்தில்) பிக்கப் பாடி நிற்கிற வண்டிகளைப் பற்றி. சிஜே-3பி என்ற ஜீப் மாடல் காலத்து அமைப்பு. இவற்றில் பெரும்பாலானவை பிறவியிலேயே இடது பக்க ஸ்டியரிங்; பின்கதவில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். பாக்ஸ் ராஸ் கம்பெனியின் கேம்-லீவர் வகை. ஸ்டியரிங் தண்டின் அடியில் திருகு மாதிரி பள்ளம் வெட்டிய கேம். அந்தப் பள்ளத்தில் ஒரு லீவரின் இரண்டு கூம்பு முளைகள் ஓடும். லீவர் ஷாஃப்ட் திரும்பும்போது வெளியே அதில் மாட்டிய பிட்மன் ஆர்ம் என்ற கை முன்னும் பின்னும் போகும். அங்கிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி, சேஸியின் முன் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டத்தில்) உட்கார்ந்து அந்த அசைவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பெல் கிராங்க், அதிலிருந்து வலமும் இடமும் இரண்டு டை ராட் கம்பி, கடைசியில் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள். சில வண்டிகளில் ஒரே நீளமான டை ராட் இருக்கும். உங்களுடையது எது என்று குனிந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் பாக்ஸை முதலில் குற்றம் சொல்லக் கூடாது என்பது விளங்கும். இந்த பாக்ஸின் விகிதம் 14-12-14, அதாவது இரு ஓரத்திலும் 14-க்கு 1, நடுவில் 12-க்கு 1. சக்கரத்தில் ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் வீலில் ஏறத்தாழ 12 டிகிரி. 17 அங்குல வீலின் விளிம்பில் அது 45 மி.மீ.; கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். சக்கரத்தில் அந்த ஒரு டிகிரி வர, 150 மி.மீ. நீள நக்கிள் ஆர்மின் முனையில் இரண்டரை மி.மீ. இருந்தால் போதும். டிராக் லிங்க்கின் இரண்டு பந்து, பெல் கிராங்க் பின், டை ராட் எண்டுகள் என்று வழியில் இத்தனை மூட்டு இருக்கும்போது ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. தேய்ந்தாலே கணக்கு தாண்டிவிடும். அரை மி.மீ. தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 'நல்லாத்தான் இருக்கு'.

ஆட்டத்தைத் தேடுவது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஜாக்கி போடக் கூடாது. வண்டி தன் எடையில் தரையில் நிற்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு சாண் அளவுக்கு விடாமல் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் இரு பாகத்தையும் ஒரே விரல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பாகம் நகர்ந்து மற்றது தாமதித்தால் விரல் உடனே சொல்லிவிடும், கண் ஏமாற்றும். பிட்மன் ஆர்மில் தொடங்கிச் சக்கரம் வரை போங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் சாக்பீஸால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று ஆட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

இதே நேரத்தில் பாக்ஸையும் சேஸியையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். பாக்ஸ் சேஸியோடு சேர்ந்து அசைந்தால் பிரச்சினை வேறு. இந்தச் சேஸிகளில் பாக்ஸ் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடுவது வழக்கம். அகலமான டயர் போட்ட வண்டிகளில் அதிகம். சேறும் கிரீஸும் மூடியிருப்பதால் தெரியாது. டீசலும் கம்பி பிரஷ்ஷும் வைத்து அந்த ஒரு முழ நீளத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, வி வடிவில் வெட்டி வெல்டிங் வைத்து, மேலே பட்டைத் தகடு போட வேண்டும். விரிசலின் மேல் நேராக வெல்டிங் ஓட்டிவிடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பக்கத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும்.

அடுத்து ஜாக்கி. முன் அச்சைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் நக்கிள் பேரிங். ஐந்து நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் நக்கிள் பேரிங்கை மாற்றிவிட்டு, பிறகு ஆட்டம் வீல் பேரிங்கில் இருந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

வீல் பேரிங் என்றால் விஷயம் சுலபம். கழற்றிக் கழுவி, குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இல்லையென்றால் புது கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிச் சக்கரம் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, லாக் வாஷரின் காதை மடக்குங்கள்.

நக்கிள்: மழைக்காலம் கெடுக்கும் இடம்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் நக்கிள் மேலும் கீழும் டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங்கில் சுழல்கிறது. பழைய கார்களில் வந்த கிங் பின், அதாவது பித்தளை புஷ்ஷில் திரும்பும் அச்சாணி, இங்கே இல்லை. உருண்டை வீட்டுக்குள் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்டும் கிரீஸும். பின்பக்கம் ஒரு ஃபெல்ட் சீல். அந்த ஃபெல்ட் காய்ந்துவிட்டால் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் ஒருமுறை இறங்கினாலே உள்ளே தண்ணீர். வடகிழக்குப் பருவமழை முடிந்து பொங்கலுக்குள் ஒருமுறை நக்கிளின் பிளக்கைத் திறந்து பார்க்கிற பழக்கம் சென்னை வண்டிக்கு அவசியம். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீர் தேங்குவது கீழ் பேரிங்கில்; துருப்பிடிப்பதும் அதுதான் முதலில்.

பேரிங்கின் இறுக்கத்தை மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் தீர்மானிக்கின்றன. 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலத் தடிமனில் வரும். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையால் ஊகிக்கக் கூடாது. ஃபெல்ட் சீலைக் கழற்றி, டை ராட் மாட்டும் ஓட்டையில் மீன் கடைத் தராசு மாதிரியான ஸ்பிரிங் பேலன்ஸைக் கொக்கி போட்டு, ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கியபின் சீராக இழுபடும்போது ஐந்தரைக் கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை காட்ட வேண்டும். சீல் மாட்டியபின் அளந்தால் சீலின் பிடிப்பும் சேர்ந்து கணக்கு தப்பும். டை ராடைக் கழற்றாமல் அளப்பது அதைவிடத் தப்பு.

இங்கே தளர்வாக விட்டால் ஸ்டியரிங் ஆட்டத்தோடு நிற்காது. ஐம்பது அறுபது வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன் சக்கரம் இரண்டும் தலையாட்டத் தொடங்கும். வேகத்தைக் குறைக்காமல் அது நிற்காது. ஈசிஆரில் போகிறவர்களுக்கு இதன் பயம் தெரியும். அந்த உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டி மறைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. டேம்பர் கெட்டதில்லை, நக்கிள் பேரிங், காஸ்டர் (நக்கிளின் முன்-பின் சாய்வு), டை ராட் எல்லாம் சரியான பிறகு மாட்டுங்கள்.

டூ வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் சாதாரணக் கிங் பின், புஷ். புஷ் அடித்தபின் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு நீளமான ரீமரால் (ஓட்டையை அளவுக்குச் சீவும் கருவி) ஒரே ஓட்டத்தில் ரீம் செய்ய வேண்டும். தனித்தனியாக உப்புத்தாள் சுற்றித் தேய்க்கிற பட்டறைகளில் பின் உள்ளே போகும், இரண்டு மாதத்தில் ஆடவும் செய்யும். கிரீஸ் ஓட்டை புஷ்ஷின் ஓட்டையோடு ஒத்து வருகிறதா என்று புஷ் அடிக்குமுன்பே பாருங்கள். அடித்துவிட்டுப் பார்த்து, ஒத்து வராமல், அங்கேயே டிரில் விட்டால் சில்லு உள்ளே தங்கிவிடும்.

பெல் கிராங்க், டிராக் லிங்க், டை ராட்

இந்த வண்டிகளில் ஆட்டத்தின் பெரும்பங்கு பெல் கிராங்க்கில்தான் என்பது என் கருத்து. முன்னால், தாழ்வாக, தண்ணீரும் மணலும் அடிக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு பின், இரண்டு நீடில் (ஊசி உருளை) பேரிங், கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள். நிப்பிளை மண் அடைத்திருக்கும். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் வெளியே வழியும், உள்ளே போகாது. அடித்தாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். பழைய கிரீஸ் மறுபக்கத்தில் பிதுங்கி வந்தால்தான் அடித்ததாக அர்த்தம்.

பின்னைக் கழற்றி மைக்ரோ மீட்டரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நீடில் ஓடின இடத்தில் நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் நகத்துக்கே தெரியும். பின்னும் இரண்டு பேரிங்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பின்னில் புது நீடில் போடுவது காசைக் கரைப்பது. செட் கிடைக்காவிட்டால் அம்பத்தூர், கிண்டி பக்கம் லேத்து பட்டறையில் பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்) புஷ் கடைந்து போடலாம். இந்த வேலைக்கு நீடிலைவிடப் புஷ்ஷே மேல் என்று சொல்வேன். பெல் கிராங்க் முழுச் சுற்று சுற்றுவதில்லை. முன்னும் பின்னும் கொஞ்சம் அசைவதோடு சரி. நீடில்கள் ஒரே இடத்தில் குத்தி நின்று குழி போடும், புஷ்ஷில் அந்தத் தொல்லை கிடையாது. கடைசல்காரரிடம் சொல்ல வேண்டியது மூன்று: புஷ் அடித்தபின் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி 0.03 முதல் 0.05 மி.மீ.; உட்புறம் கிரீஸ் ஓட ஒரு வளைந்த காடி; காடி நிப்பிள் ஓட்டையைத் தொட வேண்டும். பின்னைப் பிடிக்கும் பிராக்கெட்டின் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பாதீர்கள். பெரிதாகத் துளைத்து, ஸ்லீவ் போட்டு, சரியான அளவுக்குக் கடையுங்கள்.

டிராக் லிங்க்கைப் பொறுத்தவரை, குழாயின் இரு முனையிலும் ஸ்பிரிங், கிண்ணம், பந்து, முனையை அடைக்கும் பிளக், அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின். பந்து தேய்வது ஒரு பக்கம் மட்டும். வெர்னியரை முன்-பின்னாக வைத்து ஒருமுறை, குறுக்காக வைத்து ஒருமுறை அளந்தால் எவ்வளவு முட்டையாகியிருக்கிறது என்று தெரியும். கால் மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிளக்கை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை: நேர் நிலையில் ஆட்டத்தை எடுத்தால் ஒடிக்கும்போது பிடிக்கும். முன்முனையில் பிளக்கைப் பந்தோடு முட்ட இறுக்கி அரைச் சுற்று தளர்த்துங்கள். பிட்மன் பக்கம் முட்ட இறுக்கி ஒரு முழுச் சுற்று தளர்த்துங்கள். இரண்டு முனையிலும் ஸ்பிரிங்கும் கிண்ணமும் அடுக்கியிருக்கிற வரிசை வேறு. கழற்றும்போதே மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் நல்லது. காட்டர் பின்னைப் பழையதையே நிமிர்த்திப் போடாதீர்கள், புதுசு சில ரூபாய்தான்.

பிட்மன் ஆர்மின் பந்து தேய்ந்தால் வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம். அடித்துச் செய்த இரும்பு அது; வெல்டிங் சூட்டில் கழுத்துப் பகுதி கடினமாகிவிடும், ஒடியும்போது முன்னறிவிப்பு இருக்காது. ஸ்டியரிங்கில் எந்த ஆர்முக்கும், எந்தப் பந்துக்கும் இதே விதி.

டை ராட் எண்டைக் கழற்ற முள்கரண்டி மாதிரியான கருவியை அடித்துச் செருகினால் ரப்பர் பூட் கிழியும். நட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி விட்டு, எண்டு உட்கார்ந்திருக்கும் ஆர்மின் கண்ணில் (ஓட்டையுள்ள முனையில்) ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் டேப்பர் (எண்டின் கூம்புத் தண்டு) தானாக விடும். புது எண்டை மாட்டுமுன் டேப்பரில் சாக்பீஸ் தேய்த்து, கண்ணில் வைத்து லேசாகத் திருப்பி எடுங்கள். சுற்றிலும் சாக்பீஸ் அழிந்திருந்தால் சரி. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் ஓட்டை போய்விட்டது; புது எண்டு போட்டும் ஆடும். காஸில் நட்டில் (காட்டர் பின் போட வெட்டு உள்ள நட்டு) ஓட்டை ஒத்து வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் ஒத்து வரச் செய்ய வேண்டும், தளர்த்தி அல்ல.

வாங்குகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. டை ராட் எண்டு, பேரிங், சீல், ஸ்பிரிங் எல்லாம் புதுசாகத்தான் வாங்க வேண்டும். டை ராட் எண்டுக்கு ரானே மாதிரி இந்த ஊரிலேயே பெயர் பெற்ற தயாரிப்பு இருக்கும்போது பெயரில்லாத பெட்டியைத் தொடத் தேவையில்லை. பழைய எண்டைக் கையோடு கொண்டுபோய் டேப்பரையும் மரையையும் ஒத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை என்பதால் இரண்டையும் எடுத்துப் போங்கள். புதுப்பேட்டைக்குப் போவது பாக்ஸ் வீடு, பிட்மன் ஆர்ம், பெல் கிராங்க் மாதிரி இப்போது யாரும் வார்க்காத பாகங்களுக்கு. ஆர்ம் வாங்கினால் கல்லில் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி ஒலித்தால் எடுங்கள், தகரம் மாதிரி ஒலித்தால் உள்ளே விரிசல்.

இனி பாக்ஸ்

இவ்வளவும் சரியான பிறகு மிச்சமிருக்கும் ஆட்டம்தான் பாக்ஸின் ஆட்டம். டிராக் லிங்க்கைப் பிட்மனிலிருந்து கழற்றி விடுங்கள். டேஷ்போர்டில் ஸ்டியரிங் தூணைப் பிடிக்கும் கிளாம்பையும் தளர்த்துங்கள். தூண் வளைந்து நின்றால் அந்தப் பிடிப்பைப் பாக்ஸின் இறுக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்வோம். கிளாம்பைத் தளர்த்தியதும் தூண் ஒரு பக்கம் துள்ளினால், பாக்ஸைச் சேஸியில் மாட்டியதே கோணல் என்று அர்த்தம்.

வரிசை முக்கியம். முதலில் கேமின் மேல்-கீழ் ஆட்டம், பிறகுதான் பக்க ஸ்க்ரூ. ஸ்டியரிங் வீலைப் பிடித்து மேலே இழுத்து, கீழே அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று அசைந்தால் கேம் பேரிங் தளர்ந்திருக்கிறது. பாக்ஸின் மேல் மூடிக்கு அடியில் 0.002, 0.003, 0.010 அங்குல ஷிம்கள் இருக்கும். மெல்லியதாக ஒன்று எடுத்து, மூடியை இறுக்கி, வீலைச் சுற்றிப் பாருங்கள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைத்து லேசாகப் பிடித்தாலே வீல் சுற்ற வேண்டும். அதே சமயம் மெல்லிய ஒரு பிடிப்பு உணரப்பட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் பந்துகள் பாதையில் குழி போட்டுவிடும், அந்தச் சொரசொரப்பு கைக்குத் தெரியும்.

அடுத்து நடு நிலை. ஒரு லாக்கிலிருந்து (வீல் முழுசாகத் திரும்பி நிற்கும் இடம்) மறு லாக் வரை சுற்றுகளை எண்ணி, சரிபாதிக்குத் திருப்பி நிறுத்துங்கள். கேமின் பள்ளம் நடுவில் கொஞ்சம் குறுகலாக வெட்டப்பட்டிருக்கிறது. நேராகப் போகும்போது ஆட்டம் இல்லாமல் இருக்கவும், ஒடிக்கும்போது தாராளமாக ஓடவும் செய்த ஏற்பாடு அது. எனவே பக்க ஸ்க்ரூவை நடு நிலையில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். வீலை நடுவின் இரு பக்கமும் மெல்ல ஆட்டிக்கொண்டே ஸ்க்ரூவை முறுக்கி, நடுவைக் கடக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பிடிப்பு தெரிந்ததும் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை அசைக்காமல் லாக் நட்டை இறுக்குங்கள். ஒடித்த நிலையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. அதைக் கண்டு ஸ்க்ரூவை மேலும் முறுக்கினால், வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பாது.

பல வருடம் நேராகவே ஓடிய வண்டியில் தேய்வது நடுப்பள்ளம். நடுவில் ஆட்டம் போகும்வரை முறுக்கினால் இரு பக்கமும் கல் மாதிரி இறுகும். அப்படி இறுகுகிறது என்றால் ஸ்க்ரூ வேலை முடிந்தது, கழற்றித்தான் ஆக வேண்டும். பிட்மன் ஆர்மைப் புல்லர் வைத்து எடுங்கள். ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி நேரே முளைகள் வழியாகக் கேமில் குழியாக விழும். கேமும் தண்டும் ஒரே துண்டு என்பதால் பாக்ஸ் கீழ்வழியாகத்தான் இறங்கும். ஸ்டியரிங் வீல், ஹாரன் வயர் முதலில் எடுக்க வேண்டும். திறக்கும்போது பேரிங் பந்துகள் உதிரும்; கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டுத் திறங்கள். முளைகள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலோ பள்ளத்தின் நடுவில் தோல் உரிந்த மாதிரி இருந்தாலோ கேமையும் லீவரையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றைப் புதுசும் ஒன்றைப் பழசுமாகப் போட்டால் புதுசு பழசின் வடிவத்துக்குச் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பாக்ஸில் என்ன ஊற்றுவது என்பதில் எல்லாப் பட்டறையிலும் ஒரே தவறு. ஆயில் கசிகிறது என்று சேஸி கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். முளைகள் ஓடின இடத்தில் கிரீஸ் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒரு வாய்க்கால் வெட்டியது போல் நிற்கும். மறுபடி அந்த இடத்துக்கு வழிந்து வராது. பாக்ஸ் நிறைய கிரீஸ் இருக்க, கேம் உலர்ந்து ஓடும். கியர் ஆயில்தான் வேண்டும். நம் வெயிலுக்கு 140 கிரேடு. கசிவு என்றால் லீவர் ஷாஃப்ட் சீலை மாற்றுங்கள். சீல் மாற்றியும் கசிந்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது என்று பொருள், புஷ்ஷைப் பாருங்கள்.

நேர் பிடிப்பது

இந்த வண்டிக்குக் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் தேவையில்லை. கொத்தனார் நூலும் டேப்பும் போதும். இரண்டு டை ராட் உள்ள வண்டியில் முதலில் ஸ்டியரிங் பாக்ஸை நடு நிலையில் வையுங்கள். பெல் கிராங்க்கில் டை ராட் மாட்டும் கை அச்சுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பிறகு இடது பின் சக்கரத்தையும் இடது முன் சக்கரத்தையும் ஒட்டி நூல் பிடித்து, இடது டை ராடைத் திருகி முன் சக்கரத்தை நேராக்குங்கள். அதன்பின் வலது டை ராடால் டோ-இன், அதாவது இரு சக்கரமும் முன்பக்கம் கொஞ்சம் உள்ளே பார்த்து நிற்பது. முன் அச்சைத் தூக்கி டயர்களைச் சுற்றவிட்டு ஆணியால் ஒரு மெல்லிய கோடு கிழித்து, வண்டியை இறக்கி ஒரு ஆள் நீளம் முன்னே தள்ளிவிட்டு, அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் அளங்கள். முன் அளவு 1.2 முதல் 2.4 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி ஸ்ப்லைன் (தண்டின் பல் வரிசை) மாற்றிப் போட்டு நேராக்குகிற குறுக்கு வழி வேண்டாம். பார்வைக்கு வீல் நேராகும். உள்ளே பாக்ஸ் நடுவில் இருக்காது, குறுகலான பள்ளத்தின் பலன் கிடைக்காது.

காஸ்டர் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) ஒன்றரை. கேம்பரை மாற்ற வழியில்லை. மாறியிருந்தால் அச்சு வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. காஸ்டர் குறைவதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் உயரத்துக்காக முன் ஷேக்கிளை (ஸ்பிரிங் பட்டையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) நீளமாக்குவது. நக்கிளின் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நீள ஷேக்கிள் அதை நிமிர்த்திவிடும், ஸ்டியரிங் தானாக நேர் நிலைக்குத் திரும்புவது போய்விடும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரி செய்யலாம். பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த முனை முன்பக்கம். பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றிய வண்டியில் தடித்த முனை பின்பக்கம். மாற்றி வைத்தால் காஸ்டர் இன்னும் குறையும்.

பவர் ஸ்டியரிங் போடலாமா?

போடலாம். மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகு. ஆடுகிற டை ராடைப் பவர் ஸ்டியரிங் சரி செய்யாது; ஆடுவது கைக்குத் தெரியாமல் மறைக்கும், அது இன்னும் ஆபத்து. 6.00-16 டயரும் பெரிய ஸ்டியரிங் வீலும் இருக்கிற ஜீப்புக்கு, நக்கிளும் பெல் கிராங்க்கும் சரியாக இருந்தால், ஓடும்போது பவர் தேவைப்படாது என்பது என் எண்ணம். பதிமூன்று அங்குல ஸ்போர்ட்ஸ் வீலும் அகல மட் டயரும் மாட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்பவர்கள், முதலில் அந்த இரண்டையும் கழற்றிப் பார்க்கலாம்.

காரிலிருந்து எடுத்த எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் தூணை மாட்டித் தருகிறோம் என்று இப்போது பலரும் கிளம்பியிருக்கிறார்கள். ராஸ் பாக்ஸில் தண்டும் கேமும் ஒரே துண்டு என்று சொன்னேன் அல்லவா? எலெக்ட்ரிக் தூண் மாட்ட அந்தத் தண்டை அறுத்து ஒட்ட வேண்டும். ஒட்டின இடம் விட்டால் கையில் வெறும் வீல் மட்டும். அந்த மோட்டார் முழு ஒடிப்பில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பழைய டைனமோவால் அதைத் தர முடியாது, ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும். வண்டியின் வேகம் என்ன என்ற சிக்னல் வராவிட்டால் கன்ட்ரோல் யூனிட் ஏதோ ஒரு நிலையில் நின்றுவிடும்.

பின்னால் வந்த வண்டிகளின் பால்-நட் பாக்ஸ் (திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் இரும்புக் குண்டுகள் உருளும் வகை), அது சாதாமோ ஹைட்ராலிக்கோ, சரியான வழி. தண்டும் பாக்ஸும் தனித்தனி, நடுவில் யூனிவர்சல் ஜாயின்ட்; முன்னால் மோதினால் தூண் ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு வருவது குறையும். வாங்குமுன் ஒரே ஒரு சோதனை: பழைய பாக்ஸில் வீலை வலது பக்கம் திருப்பினால் பிட்மன் முனை எந்தப் பக்கம் போகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். புதுப் பாக்ஸை அதே நிலையில் பிடித்து, அதே பக்கம் போகிறதா என்று பாருங்கள். வேறு வண்டியில் அச்சுக்கு முன்னால் இருந்த பாக்ஸை இங்கே பின்னால் வைத்தால், வலது பக்கம் ஒடித்தால் வண்டி இடது பக்கம் போகும். வெல்டிங் முடிந்தபின் இதைக் கண்டுபிடிப்பது பரிதாபம். பிட்மன் முனை பக்கவாட்டில் போகிற பாக்ஸ் என்றால் பெல் கிராங்க்கையே எடுத்துவிட்டு, எதிர்ப்பக்க நக்கிளுக்கு நீளமான டிராக் லிங்க்கும் ஒரே டை ராடும் போட வேண்டும். டிராக் லிங்க்கும் டை ராடும் முன்னிருந்து பார்க்க ஏறத்தாழ இணையாக இருக்கட்டும். டிராக் லிங்க் ரொம்பச் சாய்வாக இறங்கினால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

பவர் பாக்ஸ் சேஸியை முறுக்குகிற விசை சாதா பாக்ஸைவிடப் பல மடங்கு. ஏற்கனவே விரிசல் விடுகிற இடம் அது. உள்ளும் புறமும் 6 மி.மீ. தகடு, போல்ட் போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் சேஸி நசுங்காமலிருக்க உள்ளே குழாய், 10.9 கிரேடு போல்ட். பூஜோ டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டி என்றால் பம்ப் பிராக்கெட் கிடைப்பது பெரிய வேலையில்லை. பழைய பெட்ரோல் இன்ஜின் என்றால் பிராக்கெட்டைச் செய்துதான் ஆக வேண்டும், புல்லி நேர்கோடு ஒரு மி.மீ. தப்பினாலும் பெல்ட் கத்தும். ஆயில் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி வைத்தே லாக்குக்கு லாக் இருபது முறை திருப்பி, டேங்கில் குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் நுரைத்துவிட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான், நுரை அடங்க இரவு முழுக்க விட வேண்டும்.

காகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது. சேஸியில் வெட்டி ஒட்டுகிற வேலை என்றால் ஆர்டிஓவில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் பிரிவு சேர்ந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கிற வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். அந்தப் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் ராஸ் பாக்ஸையே செப்பனிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே கழற்றியிருந்தால் பழைய பாக்ஸைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, சாக்கில் சுற்றி, பரணில் வையுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் 200 கிலோமீட்டருக்குள் ஒருமுறை கீழே படுத்துப் பாருங்கள். பாக்ஸ் போல்ட், பிட்மன் நட்டு, டை ராட் கிளாம்ப், யூ போல்ட் நான்கும் புது பாகம் உட்கார்ந்தபின் கொஞ்சம் தளரும். அச்சைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். டை ராட் கிளாம்ப்பின் போல்ட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும், முழுசாக ஒடிக்கும்போது அது பட்டையிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்பதையும், ஒருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.